எழுத்தின் நிழல்



கண்ணாற் கண்டு அறியவேண்டிய ஒரு பொருளைக் காதாற் கேட்போர்க்கு எடுத்துரைக்கப் புகுவது சற்றே துணிச்சலான செயல்தான். ஆயினும், நான் பேச எடுத்துக்கொண்ட பொருளை நீங்கள் ஒவ்வொருவரும் இன்று காலையிலிருந்து பத்து முறையேனும் கண்டிருப்பீர்கள். கடைத்தெருவின் பெயர்ப்பலகையில், பேருந்தின் நெற்றியில், திருமண அழைப்பிதழின் முகப்பில், தொலைக்காட்சிப் படத்தின் அடியில் ஓடும் வரிகளில், கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் காலை வணக்கச் செய்தியில், எழுத்துக்களின் பின்னே ஒரு கரிய சாயல் படிந்திருக்கக் காணலாம். பெரும்பாலும் அது வலப்புறமாகச் சற்றே கீழிறங்கி விழுந்திருக்கும். எழுத்துத் தாளோடு ஒட்டிக் கிடக்கவில்லை, தாளினின்றும் எழுந்து நிற்கின்றது என்று அச்சாயல் நம்மை நம்பச் செய்கின்றது. மையால் எழுதிய எழுத்துக்கு உயரம் உண்டோ? இல்லை. உயரமில்லாத பொருளுக்கு நிழலும் இல்லை. இல்லாத அந்த நிழலை மனிதன் எப்பொழுது வரையத் தொடங்கினான், எதன்பொருட்டு வரைந்தான், இன்று கணினியின் முன்னமர்ந்த பாடசாலை மாணவன் ஒருவன் விரல் நுனியால் அதனை எவ்வாறு வரவழைக்கின்றான் என்பவற்றையே இன்று பேச எண்ணுகின்றேன்.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் பிறந்தது நூலகத்தில் அன்று. எங்கள் பாடசாலையின் வாயிலில், ஒரு பதாகையின் கீழே. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

வரைந்த நிழலுக்கு முன்னர் வரையாத நிழல் ஒன்று இருந்தது. உரோமாபுரியில் டிராஜன் பேரரசனின் வெற்றித்தூண் இன்றும் நிற்கின்றது. கி.பி. 113ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அத்தூணின் பீடத்தில் ஆறு வரிகளில் ஒரு கல்வெட்டு உண்டு. மேல்நாட்டு எழுத்துக்கலை வல்லோர் அதனை எழுத்தின் இலக்கணமாகவே போற்றுவர். அவ்வெழுத்துக்கள் கல்லினுள்ளே ஆப்பு வடிவிற் சாய்வாக வெட்டப்பட்டவை. வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழும்போது வெட்டின் ஒரு சரிவு ஒளி பெறுகின்றது. மறு சரிவு இருளடைகின்றது. அவ்விருளே எழுத்தாகக் கண்ணுக்குப் புலப்படுகின்றது. காலையில் ஒருவாறும் மாலையில் ஒருவாறும் அது தோன்றும். மேல்வரியிலுள்ள எழுத்துக்கள் கீழ்வரியில் உள்ளவற்றைவிடச் சற்றுப் பெரியனவாயிருத்தலும் கவனிக்கத்தக்கது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்காக அவ்வாறு அமைத்தனர் என்று பலர் விளக்கம் கூறுவர். எட்வேர்ட் கற்றிச் என்னும் அமெரிக்கப் பாதிரியார் இக்கல்வெட்டை நெடுங்காலம் ஆராய்ந்து, கல்தச்சன் உளியை எடுப்பதற்கு முன்னரே எழுதுவோன் ஒருவன் தூரிகையால் எழுத்துக்களைக் கல்லின்மேல் எழுதினான் என்று 1968ஆம் ஆண்டில் ஒரு நூலில் நிறுவினார். எழுத்தின் உருவம் தூரிகை தந்தது. அதனைக் காட்டும் நிழலோ உளி தந்தது.

நம் முன்னோரின் ஏட்டுச் சுவடியும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பது என் எண்ணம். பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்து, கீறிய மாத்திரத்தில் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அதன்மேற் கரியைத் தடவித் துடைத்தால், கீறலின் பள்ளத்திற் கருமை தங்கிவிட, எழுத்துத் துலங்கும். உரோமன் வெயிலுக்கு விட்ட வேலையை நம்மவர் விளக்குக்கரியிடம் ஒப்படைத்தனர். இரண்டிலும் எழுத்தைப் படிப்பிப்பது பள்ளத்தின் இருள்தான்.

அச்சுப்பொறி வந்தபோது இந்தப் பள்ளம் மறைந்தது. ஈய எழுத்தில் மை தடவித் தாளில் ஒற்றினால் கிடைப்பது தட்டையான கருமை. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பிய அச்சாளர் இத்தட்டையான எழுத்தோடு மனநிறைவு கொண்டிருந்தனர். நூல் என்பது கையில் வைத்து, ஒரு முழத் தொலைவில், அமைதியாகப் படிப்பதற்கு உரியது; அதற்கு நிழல் எதற்கு?

நிலைமையை மாற்றியது வணிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரின் சுவர்கள் எல்லாம் விளம்பரத் தாள்களால் மூடப்பட்டன. நாடகக் கொட்டகை, மருந்து வியாபாரி, கப்பற் பயணம், ஏல விற்பனை, எல்லாவற்றிற்கும் மேலாக அரசாங்கத்தின் அதிட்டலாபச் சீட்டு. இச்சீட்டு 1826ஆம் ஆண்டில் நிறுத்தப்படும் வரையில், அதன் விற்பனையாளர் அச்சகத்தாருக்குக் கொடுத்த வேலை கொஞ்சநஞ்சமன்று. தெருவில் விரைந்து செல்பவன் நின்று பார்க்கவேண்டும்; பக்கத்துச் சுவரொட்டியைவிட நம் சுவரொட்டி உரக்கக் கூவவேண்டும். நூலுக்கென வார்த்த மெல்லிய எழுத்து இக்கூச்சலுக்குப் போதவில்லை. எழுத்துக்கள் முதலிற் பெருத்தன. பின்னர் மிகமிகத் தடித்தன. தடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ? அந்த எல்லையை எட்டியபின் வேறொரு வழி தேடவேண்டியதாயிற்று.

அவ்வழியைக் காட்டியவர் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்னும் இலண்டன் அச்செழுத்து வார்ப்பாளர். 1815ஆம் ஆண்டு எனக் குறிக்கப்பெற்ற அவருடைய மாதிரிப் புத்தகத்தில், பக்கவாட்டில் கனம் தெரியும்படி நிழல் சேர்த்த எழுத்துக்கள் காணப்படுகின்றன. பலகையிலிருந்து வெட்டியெடுத்து நிமிர்த்தி வைத்தாற்போன்ற எழுத்து. முகம் வெண்மை, பக்கம் கருமை. இவற்றைப் பார்த்த மற்றை வார்ப்பாளர்கள் வாளாவிருக்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் நிழல் எழுத்தின் வகைகள் பல்கிப் பெருகின. நிழலையே கோடுகளால் நிரப்பியோர் சிலர். நிழலுக்கும் ஒரு நிழல் வைத்தோர் சிலர். இவ்வலங்கார எழுத்துக்களின் வரலாற்றை நிக்கலெற் கிரே என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்றில் ஆராய்ந்தார். அதுவரை, நூலறிவுடையோர் அவற்றைச் சந்தைக் கூச்சல் என்று ஒதுக்கியே வந்தனர்.

ஃபிகின்ஸ் இந்த எண்ணத்தை முற்றிலும் தாமாகவே கண்டார் எனல் பொருந்தாது. தெருவிற் கடைப்பலகை எழுதும் ஓவியர்கள் தூரிகையால் எழுத்துக்கு நிழல் தீட்டும் வழக்கத்தை அறிந்திருந்தனர். செப்புத்தகட்டில் எழுத்துச் செதுக்குவோரும் அறிந்திருந்தனர். ஓவியன் ஒரு முறை தீட்டிய நிழலை ஆயிரம் முறை ஒற்றக்கூடிய உலோகமாக வார்த்தமையே வார்ப்பாளரின் புதுமை.

இங்கே பெயர்ப்பலகை எழுதுவோரின் தொழில் நுணுக்கம் ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. ஆங்கிலப் பலகைகளில் மரபாக நிழல் இடப்புறமாகவே தீட்டப்படும். ஏன் தெரியுமோ? ஆங்கிலப் பெரிய எழுத்துக்களுட் பலவற்றின் இடப்புறம் நேரான நிமிர்ந்த கோடு. வளைவுகளும் கைகளும் வலப்புறத்தில். இடப்புறம் நிழல் தீட்டினால் தூரிகை நேராக ஓர் இழுப்பில் வேலையை முடித்துவிடும். வலப்புறமாயின் ஒவ்வொரு கைக்கும் வளைவுக்கும் தனித்தனியே தீட்டவேண்டும். அன்றியும், கைதேர்ந்த ஓவியர் நிழலை எழுத்தோடு ஒட்டித் தீட்டார். எழுத்துக்கும் நிழலுக்கும் இடையே பலகையின் நிறம் தெரியும்படி மெல்லிய இடைவெளி ஒன்று விடுவர். அவ்விடைவெளியே எழுத்தின் விளிம்பைக் காப்பது. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் சுவரொட்டிகள் இன்னும் பெரியனவாயின. அத்துணைப் பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் சுமை தாங்காது. குளிரும்போது உருவமும் கெடும். ஆகவே மரத்தை நாடினர். நியூயோர்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827ஆம் ஆண்டில் மரத்தைக் குடைந்தெடுக்கும் சுழல் கருவியொன்றைக் கொண்டு மரவெழுத்துக்களைப் பெருவாரியாகச் செய்யும் வழியைக் கண்டார். 1834இல் லெவன்வேர்த் என்பவர், ஒரு மாதிரியைப் பின்பற்றிப் பல அளவுகளில் வெட்டத்தக்க சட்டக் கருவியை அதனோடு இணைத்தார். இவற்றின் பயனாக மரவெழுத்து மலிந்தது.

அம்மரவெழுத்துச் செய்வோருள் நம் கதைக்கு முதன்மையானவர் கனெக்ரிக்கற் மாநிலத்து வில்லியம் பேஜ். அவர் 1874ஆம் ஆண்டில் வெளியிட்ட பன்னிற எழுத்து மாதிரிப் புத்தகம் இன்று அரும்பொருட் சேகரிப்போர் விலைமதிக்கும் பொருளாகிவிட்டது. அதிற் கண்ட முறை இது: ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டைகள். ஒரு கட்டை எழுத்தின் முகத்தை மட்டும் ஒரு நிறத்தில் ஒற்றும். மற்றொன்று அதன் நிழலை மட்டும் வேறு நிறத்தில் ஒற்றும். இரண்டு நிறமும் ஒன்றன்மேலொன்று படியும் இடத்தில் மூன்றாவதொரு நிறமும் இலவசமாகக் கிடைக்கும். கட்டை மயிரிழை பிசகினாலும் நிழல் எழுத்தை விட்டு ஓடிவிடும். அச்சுத் தொழிலாளியின் கண்ணும் கையும் அவ்வளவு துல்லியமாக இருத்தல் வேண்டும்.

முகம் வேறு, நிழல் வேறு, இரண்டும் தனித்தனிப் படைகள் என்னும் இந்த எண்ணத்தை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டுகின்றேன். நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர்க் கணினி செய்ததும் இதுவே. வேறுபாடு, மரக்கட்டைக்குப் பதிலாக எண்கள்.

கணினித் திரையில் ஒரு படம் என்பது சிறுசிறு சதுரப் புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். 1970களின் பிற்பகுதியில், நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய எட் கற்மல், ஆல்வி ரே சிமித் என்னும் இருவர், இம்மூன்றோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தனர். அப்புள்ளி எவ்வளவு மறைக்கும், எவ்வளவு ஊடுருவிக் காட்டும் என்பதை அந்த எண் குறிக்கும். முற்றாக மறைத்தால் ஒன்று. கண்ணாடிபோல் முற்றாகக் காட்டினால் பூச்சியம். பாதி மறைத்தால் அரை. நிழல் என்பது பாதி மறைக்கும் பொருளன்றோ? நிழல் விழுந்த தரையில் புல்லும் தெரிகின்றது, கல்லும் தெரிகின்றது; இருண்டு தெரிகின்றது, அவ்வளவே. ஆகவே இந்த நான்காவது எண் பிறந்திராவிடில் கணினியில் நிழல் இல்லை எனலாம். ஒரு படத்தின்மேல் இன்னொன்றைப் படியவைக்கும் கணக்கு முழுவதையும் தோமஸ் போட்டர், ரொம் டவ் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தினர். இந்நால்வருக்கும் 1996ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தொழில்நுட்பத்துக்கான விருது வழங்கியது. திரையில் நடிகரைக் கண்டு கைதட்டும் நாம் இவர்கள் பெயரைக் கேட்டதுமில்லை.

இக்கணக்கு பெரிய நிறுவனங்களின் பெரிய இயந்திரங்களில் இருந்தது. அதனைச் சாதாரண மனிதனின் மேசைக்குக் கொண்டுவந்தோர் இரு சகோதரர்கள். 1987ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த தோமஸ் நோல், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டவல்ல தம் சிறிய கணினியிற் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்கென ஒரு செய்நிரலை எழுதினார். அவருடைய சகோதரர் ஜோன் நோல் திரைப்படங்களுக்குத் தந்திரக் காட்சிகள் அமைக்கும் நிறுவனம் ஒன்றிற் பணியாற்றியவர்; தம்முடைய வேலைக்கு இது எவ்வளவு உதவும் என்று கண்டு, அதனை விரிவாக்கத் தூண்டினார். அடோபி நிறுவனம் உரிமை பெற்று, 1990ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் 'போட்டோஷொப்' என்ற பெயரில் வெளியிட்டது.

அக்காலத்தில் ஓர் எழுத்துக்கு நிழல் வைக்க விரும்பியவன் பட்ட பாடு சிறிதன்று. எழுத்தின் உருவத்தைத் தனியே ஒரு தடத்திற் பதிவு செய்யவேண்டும். அதனை இத்தனை புள்ளி வலப்புறமும் இத்தனை புள்ளி கீழும் நகர்த்தவேண்டும். பின்னர் அதனைக் கலங்கச் செய்யவேண்டும். அதற்குள் கருமையை ஊற்றவேண்டும். இறுதியாக அதன்மேல் எழுத்தை மீண்டும் வைக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் ஓர் எழுத்துப்பிழை கண்ணிற் பட்டால், தொடக்கத்திலிருந்தே திரும்பச் செய்யவேண்டியதுதான். ஏனெனில் எழுத்தும் நிழலும் பின்னணியும் ஒரே படமாக இறுகிவிட்டிருக்கும். இந்தப் படிமுறையை ஒருவருக்கொருவர் மந்திரம்போல் சொல்லிக்கொடுத்தனர்.

1994ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பிற் படைகள் வந்தன. எழுத்து ஒரு படையில், நிழல் ஒரு படையில், பின்னணி ஒரு படையில். வில்லியம் பேஜின் இரண்டு கட்டைகள் திரைக்குள் புகுந்துவிட்டன. 1998ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலோ, படையோடு ஒட்டிய விளைவுகள் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. விழுநிழல் அவற்றுள் ஒன்று. அதே பதிப்பில் எழுத்தைத் தட்டச்சிட்ட பின்னரும் திருத்தலாம் என்றாயிற்று. எழுத்தைத் திருத்தினால் நிழல் தானாகவே திருந்தும். சொல்லை நீட்டினால் நிழலும் நீளும். ஓவியனின் அரைநாள் வேலை ஒரு கட்டளைக்குள் அடங்கியது.

அக்கட்டளை உள்ளே செய்வது யாது? எழுத்தின் உருவத்தைப் படியெடுத்துக் கருமை பூசுகின்றது. குறித்த கோணத்தில் குறித்த தொலைவு நகர்த்துகின்றது. பின்னர் விளிம்பைக் கலங்கச் செய்கின்றது. இக்கலக்கத்தில் ஒரு கணிதம் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் தன் அயற்புள்ளிகளோடு பங்கு கலக்கின்றது. அருகிலுள்ளதற்குப் பெரும்பங்கு, தொலைவிலுள்ளதற்குச் சிறுபங்கு. அப்பங்கை அளக்கும் மணி வடிவ வளைகோடு, ஜேர்மன் கணித மேதை காவுஸின் பெயரால் வழங்குவது. 1777ஆம் ஆண்டிற் பிறந்து 1855இல் மறைந்த அம்மேதையின் உருவத்தையும் அவ்வளைகோட்டையும் ஜேர்மனியர் தங்கள் பத்து மார்க் நாணயத்தாளிற் பொறித்திருந்தனர். இன்று நம் மாணவர் நிழலை மென்மையாக்கும் ஒவ்வொரு முறையும், அறியாமலே அவரை அழைக்கின்றனர்.

இறுதிப் படி பெருக்கல். நிழலை வெறும் சாம்பல் நிறமாகப் பூசினால் செந்நிறத் துணியின்மேல் அழுக்குப்போல் தோன்றும். உண்மையான நிழல் செந்துணியைக் கருஞ்சிவப்பாக்குமேயன்றிச் சாம்பலாக்காது. ஆகவே அடியிலுள்ள நிறத்தின் அளவை நிழலின் அளவால் பெருக்குகின்றனர். பின்னணியின் வெளிச்சம் 0.8, நிழல் 0.5 எனின், கிடைப்பது 0.4. நான்காம் வகுப்பிற் கற்பிக்கும் பெருக்கல், கண்ணை ஏமாற்றப் பயன்படுகின்றது!

விலை கொடுத்து வாங்க இயலாதார்க்கும் வழி பிறந்தது. கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் மாணவராயிருந்த பீற்றர் மாற்றிஸ், ஸ்பென்சர் கிம்பல் என்போர் 1995ஆம் ஆண்டிற் தொடங்கிய 'கிம்ப்' என்னும் மென்பொருள் எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. எம்போன்ற பாடசாலைகளுக்கு அது பேருதவி. ஆயினும், நிழலை எழுத்தோடு ஒட்டியே வைத்து, பின்னர் விரும்பியபோது மாற்றும் வசதி அதற்கு 2025ஆம் ஆண்டில் வெளியான மூன்றாம் பதிப்பிலேயே கிட்டியது.

இணையப் பக்கங்களின் கதை வேறு. அங்கே எழுத்துக்கு நிழல் வைக்கும் விதி 1998ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. நடைமுறைப்படுத்துவார் இன்மையால் பின்னர் வந்த திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் அப்பிளின் சஃபாரி உலாவி அதனைக் கைக்கொண்டது. மைக்ரோசொப்ற்றின் உலாவியோ 2012 வரை காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிழல் வேண்டியோர் எழுத்தையே படமாக்கிப் பக்கத்தில் ஒட்டினர். இதனால் விளைந்த தீங்கைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. பார்வையற்றோர்க்குத் திரையிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், அக்காலத்தில் படத்திலுள்ள எழுத்தை அறியவில்லை. தனியாக விளக்கம் எழுதிவைத்தாலன்றி அதனை வாசிக்காமற் கடந்து சென்றது. பார்ப்பவன் கண்ணுக்கு ஒரு நிழல் சேர்க்கப் போய், பாராதவனிடமிருந்து எழுத்தையே பறித்தார்கள்.

தீட்டிய நிழலைக் கண்டு கண் ஏன் ஏமாறுகின்றது என்ற வினாவுக்கும் விடை தேடியுள்ளனர். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். இராமச்சந்திரன் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளில், நம் மூளை ஒளி மேலிருந்து வருகின்றது என்றும், காட்சி முழுவதற்கும் ஒரே விளக்கு என்றும் கேளாமலே கொள்கின்றது என்று காட்டினார். மேற்பாதி வெளிறி, கீழ்ப்பாதி கறுத்த வட்டம் மேடாகத் தோன்றும். அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குழியாகிவிடும். ஞாயிற்றின் கீழே பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்த பழக்கம். 1996ஆம் ஆண்டில் டானியல் கேர்ஸ்ரன் முதலியோர் இன்னொன்று காட்டினர். திரையில் ஒரு சதுரம். அதன் கீழ் ஒரு நிழல். சதுரம் அசையவில்லை, நிழலை மட்டும் மெல்ல விலக்கினர். பார்த்தோருக்கு, சதுரம் தம்மை நோக்கி எழுந்து வருவதாகவே தோன்றியது. நிழல் விலக விலகப் பொருள் உயர்கின்றது என்பது மூளையின் முடிவு.

இவ்வளவு எளிதாகக் கிடைத்த ஒன்றை மனிதர் அளவாகப் பயன்படுத்துவரோ? 1990களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் நிழல் இல்லாத எழுத்தைக் காண்பதே அரிதாயிற்று. பின்னர் அலுப்பு வந்தது. 2012இல் மைக்ரோசொப்ற்றின் விண்டோஸ் எட்டாம் பதிப்பும், 2013இல் அப்பிள் கைத்தொலைபேசியின் ஏழாம் பதிப்பும் நிழலையும் புடைப்பையும் பெருமளவு துடைத்தெறிந்து தட்டையான தோற்றத்தை மேற்கொண்டன. துடைத்தபின், எது பொத்தான், எது வெறும் சொல் என்று தெரியாமற் பயனாளர் பலர் தடுமாறினர். 2014இல் கூகிள் நிறுவனம் நிழலை மீட்டெடுத்தது. ஆனால் அலங்காரமாக அன்று. எந்தப் பரப்பு எதற்கு மேலே இருக்கின்றது என்று சொல்லும் குறியாக, உயரத்துக்கு ஏற்ற நிழல் என்று விதி செய்தது. இம்மூன்றனுள் எனக்கு உடன்பாடானது இறுதியில் வந்ததே.

இனி, எங்கள் பாடசாலை வாயிலுக்கு வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பாடசாலையில் நீண்டகாலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குப் பாராட்டு விழா எடுத்தோம். எனக்கும் அரிச்சுவடி கற்பித்தவர் அவர். எண்பது வயதைக் கடந்தவர். ஒரு கண்ணிற் சத்திரசிகிச்சை செய்தவர். வாயிலிற் கட்டுவதற்குப் பெரிய பதாகை ஒன்றை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கணினியில் வரைந்து, நகரத்து அச்சகமொன்றில் அச்சிட்டுக் கொண்டுவந்தான். பொன்னிற எழுத்து, பின்னே மாம்பழ நிறம், கருநிழலோ எழுத்தின் தடிப்பைவிட நீளம். நான்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். கணினித் திரையில் அது மிக நன்றாகவே இருந்தது.

விழாவன்று ஆசிரியை முச்சக்கர வண்டியில் வந்திறங்கினார். பதாகையின் கீழே நின்று, நெற்றியிற் கையை வைத்து வெயிலை மறைத்து, நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "தம்பி, உதில ஆற்றை பேர் எழுதிக் கிடக்கு?"

அது அவருடைய பெயர்.

நான் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். விழா நன்றாகவே நடந்தது. எனக்குத்தான் அன்று முழுவதும் மனம் பேச்சில் நிற்கவில்லை. எனக்கு எழுத்தறிவித்தவர் தம் பெயரைத் தாமே வாசிக்க இயலாதவாறு எழுதி வைத்தோமே!

மறுநாள் அந்தப் பதாகையைத் தரையில் விரித்து மாணவனும் நானும் ஆராய்ந்தோம். பிழை வெகு தெளிவாகத் தெரிந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கென வளர்ந்த அலங்காரம் இது. அவ்வெழுத்துக்களின் வயிறு அகன்றது, கோடுகள் நேரானவை. தமிழ் எழுத்தோ சுழிகளால் ஆனது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேற்றுமை ஒரு சுழிதான். நிழல் அச்சுழிக்குள் விழுந்து நிரப்பிவிட்டால், இரண்டும் ஒன்றே. கால் என்னும் குறிக்கும் ரகரத்துக்கும் உள்ள வேற்றுமை அடியில் ஒரு சிறு சாய்கோடு; கீழ்நோக்கி விழுந்த நிழல் காலுக்கெல்லாம் அச்சாய்கோட்டைக் கொடுத்துவிட்டது. எல்லாவற்றிலும் கொடுமை புள்ளிக்கு நேர்ந்தது. புள்ளியின் அகலத்தைவிட நிழலின் தொலைவு மிகுதியாயிருந்தமையால், நிழல் பிரிந்து தனியே நின்றது. ஆசிரியையின் பெயரில் மூன்று மெய்யெழுத்துக்கள். பதாகையில் ஆறு புள்ளிகள் இருந்தன.

இத்தனைக்கும், நிழல் தமிழெழுத்துக்கு ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் நகரிற் பழைய பெயர்ப்பலகைகள் சில இன்னும் உள. தூரிகை பிடித்தோர் எழுதியவை. அவற்றுள் ஒன்றின் முன்னே அம்மாணவனை அழைத்துச் சென்று நிறுத்தினேன். அவனே கண்டு சொன்னான்: எழுத்துக்கும் நிழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி; சுழிகளுக்குள் நிழல் இல்லை; புள்ளிகளுக்கும் நிழல் இல்லை. தீட்டியவர் ஒவ்வொரு புள்ளிக்கும் முன் நின்று, வேண்டாம் என்று முடிவு செய்திருக்கின்றார். மென்பொருளுக்கு அம்முடிவு தெரியாது. அது எல்லா உருவுக்கும் ஒரே நிழலை வழங்கும்.

மாணவன் அன்று மாலையே கணினியின் முன் அமர்ந்தான். நிழலைத் தனிப்படையாகப் பிரித்தெடுத்தான். தொலைவை மூன்றில் ஒன்றாகக் குறைத்தான். கலக்கத்தைக் கூட்டி, கருமையைத் தணித்தான். எழுத்தைச் சுற்றிப் பின்னணி நிறத்தில் மெல்லிய கரையொன்று விட்டான். பின்னணியையும் கரும்பச்சையாக மாற்றினான். பிறகு, புள்ளிகளின் நிழலை ஒவ்வொன்றாக அழித்தான். அவ்வேலை மட்டும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அடுத்த மாதம் பாடசாலை நூலகத்துக்கு ஆசிரியையின் பெயரையே சூட்டினோம். புதிய பலகை அவ்வடிவிலேயே அச்சாயிற்று. அவரை அழைத்துவந்து பத்து அடி தொலைவில் நிறுத்தினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்களுக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த அதே குரலில், எழுத்தெழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்தபின், "றகரத்துக்கு வால் கொஞ்சம் நீளம்" என்றார்.